அந்தக் கோட்டையில் விளக்கேற்றுவது யார்?

"யாரு வீட்டு வெளக்குடா அது?" என்று அக்கா கேட்டாள்.

கேட்ட இடம் கோலசிலாங்கூரில் ஒரு கடைவரிசை. டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த டயாலிசிஸ் நிலையம். நம்மவர்கள் டயாலிசிஸ் என்று சொல்வதில்லை. 'ரத்தம் கழுவப் போறோம்' என்பார்கள், ஏதோ காரைக் கழுவக் கொண்டுபோவது மாதிரி. கண்ணாடிக் கதவைத் தள்ளினாலே வினிகர் மாதிரிக் காடி வாடை மூக்கில் ஏறும். இயந்திரங்களை அலசுகிற மருந்தின் வாடை அது என்று மிஸி சொன்னார். நர்சை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அக்கா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். இடது கையில் இரண்டு ஊசிகள். ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை ஆட்டக் கூடாது. வலது கையில் என் மகனுடைய கேம் பெட்டியிலிருந்து கழற்றிய பிடியின் ஒரு பாதி. மறுபாதி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கையில்.

சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்திருந்த சின்னத் திரையில் ஒரு கோட்டை. வெளியே மழை. உள்ளே நீளமான கல் நடை, தூணுக்குத் தூண் ஓர் எரியும் விளக்கு. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத்தான் நாங்கள் இருவரும் ஆட்டுவித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த விளக்க அடிக்கா. அடிச்சா மருந்து விழும்," என்றேன்.

அதற்குத்தான் அக்கா அப்படிக் கேட்டாள். இது ரத்தம் குடிக்கிற ஒரு பிரபுவின் கோட்டை, விளக்கு அவனுடையது, அவனைக் கொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அவன் கெட்டவன்னா அவன அடிப்போம். வெளக்கு என்னா பண்ணுச்சு?"

பக்கத்து நாற்காலியில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். சுங்கை பஞ்சாங்கில் நெல் போட்டவர், இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அவரை நாங்கள் மாமா முறையில் பாக்சிக் என்போம். இந்த கக்கா, அவர் மொழியில் அக்கா, ஏன் விளக்கை அடிக்க மாட்டேன் என்கிறார் என்று மலாயில் விசாரித்தார். எரிகிற விளக்கைக் கை ஓங்கி அடிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார்.

ஒரு மூலையில் ஒரு நாற்காலி

நான் எப்படி இந்தக் கோட்டைக்குள் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ரவாங்கில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். தொழிற்சாலையை மூடிவிட்டு எங்களை அனுப்பினார்கள். அந்த வயிற்றெரிச்சலை இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டேன், மறுபடியும் வேண்டாம்.

மகன் வடக்கே படிக்கப் போனபோது கேம் பெட்டியை அலமாரியில் விட்டுப் போயிருந்தான். ஒரு மதியம் அதைக் கையில் எடுத்தேன். விளையாடுவதற்காக இல்லை. இவ்வளவு மெல்லிய பெட்டிக்குள் காற்றாடியை எங்கே வைத்திருப்பார்கள் என்று பார்க்கும் ஆசை. திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் பட்டுத் திரை விழித்துக்கொண்டது. இடி இடித்தது. கோட்டைக் கதவு திறந்தது.

அதன் பிறகு நான் திருப்புளியைத் தேடவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு வரைபடம் உண்டு. முதலில் வெறும் கறுப்பு. நீங்கள் ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு நீலக் கட்டம் முளைக்கும். இன்னொரு கதவு, இன்னொரு கட்டம். சில கதவு திறக்காது. எங்கேயோ கீழே பாதாளத்தில் ஒரு சாவியோ, உயரமாகக் குதிக்கும் வித்தையோ கிடைத்த பிறகுதான் திறக்கும். அந்தத் திறக்காத கதவுகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆறவைத்த தேநீரைக் குடிக்க மறந்துவிடுவேன்.

என் மனைவி கௌரி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறாள். காலையில் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தேனோ, மாலையில் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை. ஈஜோக் கடைத்தெருவில் ஒரு ரொட்டி வாங்கப் போனாலும் 'இப்ப எங்க வேல?' என்று கேட்க ஒருவன் நிற்பான். கோட்டையில் எலும்புக்கூடுகள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அக்கா போக மாட்டேன் என்றாள்

அக்கா புக்கிட் ரோத்தானில் தனியாக இருக்கிறாள். மாமா காலமாகிவிட்டார், மகள் ஜொகூரில் வேலை. செம்பனைக்கு உரம் போட்டு, பிறகு பள்ளிகளில் கூட்டிப் பெருக்கி, ஒரு நாளும் உட்கார்ந்து பழகாத உடம்பு. அதற்கு வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம், கையை அசைக்காமல் கிட என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அவள் போகாமல் இருக்கத் தொடங்கினாள். ஒரு நாள் தலைவலி என்றாள், ஒரு நாள் மழை என்றாள். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, மருத்துவமனையில் கிடந்தாள். இனி விட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். வீடு திரும்பியதும் அக்கா மகளிடம் போனில் சொன்ன முதல் வார்த்தை, 'இனிமே அங்க போவல' என்பது.

மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவள் சொன்னால் நாங்கள் கேட்பதுதான் பழக்கம், நாங்கள் சொல்லி அவள் கேட்டதில்லை. வாசலில் நின்று அசடு வழிந்தேன். தோளில் பை. பையில் பெட்டி, ஏனென்றால் அதை எங்கேயும் விட்டுப் போக எனக்கு மனசு வராது.

பையில் என்ன என்று கேட்டாள். காட்டினேன். கோட்டை, பேய், ரத்தம் குடிக்கிற பிரபு என்று என் பாட்டுக்கு அளந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, நாளைக்கு அதக் கொண்டா. ஊசி குத்துறப்ப வேற எதாச்சும் பாத்துகிட்டு கெடக்குறேன்," என்றாள்.

எவ்வளவு பெரிய சாமர்த்தியசாலி நான் என்று அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நடப்பது நான், குதிப்பது அவள்

அந்தப் பெட்டியின் இரண்டு பக்கப் பிடிகளும் கழன்று வரும். இடது பாதியில் நடக்கும் குமிழ். வலது பாதியில் குதிக்கவும் அடிக்கவும் பொத்தான்கள். அக்காவுக்கு வலது கை மட்டும்தான் சும்மா இருந்தது. ஆகவே நடப்பது என் பொறுப்பு, மற்ற எல்லாம் அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

ஓர் உடம்பை இரண்டு பேர் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் பள்ளத்தின் விளிம்புவரை போய்விடுவேன், அவள் குதிக்க மாட்டாள். நான் நிற்பேன், அவள் காரணமில்லாமல் குதித்துக்கொண்டே இருப்பாள். விழுந்ததற்கு யார் காரணம் என்று சண்டை வரும். மிஸி வந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சண்டைக்கு இதுவே குறைவுதான் என்பார்.

கறுப்பு அங்கிக்காரிக்கு அக்கா கருப்பி என்று பெயர் வைத்தாள். முகம் மாவில் உருட்டி எடுத்தது போல் வெள்ளையாக இருக்கிறதே என்றால், சட்டை கறுப்பு, போதும் என்றாள். கோட்டைக்காரப் பிரபுவுக்குப் பெயர் பெரிய கிராணி. தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில் பெரிய கிராணி என்ற தலைமைக் கணக்குப்பிள்ளை ஆபீஸ் மாடியை விட்டு இறங்க மாட்டார். ஆட்களைத்தான் அனுப்புவார். இந்தப் பிரபுவும் அப்படியே. வௌவாலை அனுப்புவான், ஓநாயை அனுப்புவான், தான் மட்டும் வர மாட்டான்.

அவன் ரத்தம் குடிப்பவன் என்பதில் அக்காவுக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. தன் குழாயைக் கண்ணால் காட்டி, "அவனாச்சும் குடிச்சிட்டு சும்மா இருக்கான். இந்த மெசினு குடிச்சிட்டுத் திருப்பித் துப்புது," என்றாள்.

விளக்கை மட்டும் அடிப்பதில்லை. நான் கெஞ்சியும் நடக்கவில்லை. விளக்கை அடிக்காவிட்டால் மருந்து கிடையாது, எறிய ஈட்டி கிடையாது. மற்றவர்கள் விளக்கு விளக்காக உடைத்துக்கொண்டு ராஜநடை போடுகிற இடத்தில் நாங்கள் பிச்சைக்காரர்கள் மாதிரி போனோம். எத்தனை முறை செத்தோம் என்று கணக்கே இல்லை. பாக்சிக் மட்டும் ஒவ்வொரு சாவுக்கும் 'அடடா' என்று மலாயில் வருந்துவார்.

அந்தக் கேள்வி

ஒரு நாள் பெரிய கூடம் ஒன்றுக்குள் நுழைந்தோம். கூரையிலிருந்து சரம் சரமாக விளக்குகள். படிக்கட்டில் விளக்கு, மாடத்தில் விளக்கு. நான் குமிழை விட்டுவிட்டேன். கருப்பியும் நின்றாள்.

அக்கா சொன்னாள்: "இவ்ளோ பெரிய வூட்டுல யாருடா வெளக்கேத்துறது?"

நான் அந்தக் கோட்டையில் வாரக்கணக்காகக் குடியிருந்தவன். இது எனக்குத் தோன்றவே இல்லை. எலும்புக்கூடுகளுக்கு அதற்கு ஏது நேரம்? ஓநாய்க்குக் கை கிடையாது. பெரிய கிராணி பகலெல்லாம் பெட்டிக்குள் தூங்குகிறான். அப்படியானால் இத்தனை விளக்குக்கும் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவது யார்? பாக்சிக்கிடம் கேட்டோம். இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு ஜாகா இல்லாமலா இருப்பான் என்றார். காவல்காரன் என்றால் வாசலில் அல்லவா இருப்பான், வாசலில் ஒரு நாய்கூட இல்லையே என்றேன். அவரும் யோசித்தார்.

அன்றிலிருந்து எங்கள் பயணம் திசை மாறியது. பெரிய கிராணியைத் தேடுவதை விட்டுவிட்டு விளக்கேற்றுபவரைத் தேடத் தொடங்கினோம்.

எங்கே தேடுவது என்பதற்கு அக்காவிடம் ஒரு கணக்கு இருந்தது. பங்களா என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் வேலைக்காரர் வீடு இருக்கும். முன்வாசல் வழியாக வேலைக்காரர் வர மாட்டார், சமையல்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். இதைச் சொல்லிவிட்டு என்னைக் கோட்டையின் பின்பக்கமாக ஓட்டினாள். நம்ப மாட்டீர்கள், இருந்தது. அடுப்பு எரியும் ஒரு பெரிய சமையல்கட்டு, அதற்கு அப்பால் சுவரோடு சுவராக ஒரு சின்னக் கதவு, உள்ளே ஒரு கட்டில், ஒரு துடைப்பம். ஆள் இல்லை. நான் தனியாக விளையாடியபோது ஒரு தடவைகூட அந்த அறைக்குள் போனதில்லை.

"வேலைக்குப் போயிருப்பாங்க," என்றாள் அக்கா.

துரை பங்களா

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாங்கள் பிறந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர், தோட்டத்துக்குப் பெயரே இல்லை. மேட்டில் துரை பங்களா. கீழே லயம், அதாவது எங்கள் வரிசை வீடுகள். அம்மா பங்களாவில் வேலை செய்தார். ஜெனரேட்டர் படுத்துவிடும் நாட்களில் பங்களா முழுக்க மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைப்பது அவர்தான். லயத்து வாசலில் நின்று பார்த்தால் மேட்டில் ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம் வரும். இப்ப அம்மா சாப்பாட்டு ரூம்ல இருக்கு, இப்ப படியில ஏறுது என்று அக்கா எனக்குச் சொல்லுவாள்.

துரைமார் போய், பங்களா பூட்டிக் கிடந்த ஒரு விடுமுறையில் அக்காவும் நானும் ஜன்னல் வழியாக உள்ளே போனோம். வெள்ளைக்காரப் பேய் இருக்கிறது என்று எல்லோரும் சொன்ன இடம். அக்கா முன்னால், நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். பேய் இல்லை. குளிக்கும் தொட்டி நிறைய வௌவால் எச்சம் இருந்தது. அந்த வாடை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு மேசை இழுப்பறையில் அம்மா வைத்திருந்த திரிக்கட்டு அப்படியே கிடந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

ஆகவே, டயாலிசிஸ் நிலையத்தில் அக்கா விளக்கேற்றுபவரைத் தேடச் சொன்னபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் அம்மாவைத் தேடுகிறாள். இவ்வளவு நுட்பமாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு. வாரம் ஒரு அத்தியாயம் எழுதுகிற ஆளுக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது.

இன்னொரு நாள் அக்கா கொஞ்சம் கண்ணயர்ந்து, கட்டைவிரல் அழுந்தி, கருப்பியின் சங்கிலி ஒரு விளக்கில் பட்டுவிட்டது. விளக்கு உடைந்து அணைந்தது. அக்கா விழித்து, முகம் சுண்டிப்போனாள். வா, வெளியே போகலாம் என்று அடுத்த அறைக்குப் போகச் சொன்னாள். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வரச் சொன்னாள். திரும்பி வந்தால், அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா. யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க," என்றாள்.

இந்த மாதிரி விளையாட்டில் அறையை விட்டுப் போய் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். சொல்லவில்லை.

சுற்றி வந்த கதை

அக்கா ஒரு நாளும் தவறாமல் வந்தாள். எடை கட்டுக்குள் வந்தது, கால் வீக்கம் வடிந்தது. மிஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்கிறீர்களோ அதை நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. கோட்டையின் வரைபடம் ஏறக்குறைய முழுக்க நீலமாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கதவு, பெரிய கிராணியின் சிம்மாசன அறை. நான் வீட்டில் என் போனில் யாரோ போட்டிருந்த வீடியோவைத் தேடி முடிவைப் பார்த்துவிட்டேன். பிரபு சாகிறான், கோட்டை இடிந்து விழுகிறது, விடிகிறது. விளக்கேற்றுபவர் என்று ஒருவரும் கிடையாது.

அக்கா எதற்காக வருகிறாளோ அது இல்லை என்று தெரிந்துவிட்டால் மறுபடியும் 'இனிமே போவல' என்று சொல்லிவிடுவாள். அப்புறம் நுரையீரலில் நீர், ஆம்புலன்ஸ், டாக்டர். நடப்பது என் கையில்தானே இருக்கிறது? நான் வேறு பக்கமாக நடந்தேன். குதிரை லாயத்தை இன்னொரு தரம் பார்ப்போமா என்றேன். நூலகத்தில் ஒரு அலமாரிக்குப் பின்னால் பார்க்கவே இல்லையே என்றேன். ஏற்கனவே போன பாதாளத்துக்குப் புதிதாகப் போவது போலப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். ஜெராமில் ஐஸ் ஃபேக்டரி. மீன் படகுகளுக்கு ஐஸ் போகிற இடம். கம்ப்ரசர் பார்க்க ஆள் வேண்டும், திங்கட்கிழமையே வரலாம், காலை வேலை. அக்காவை யார் கூட்டிப்போவது என்று யோசித்து முடியாது என்று சொல்லிவிட்டேன். கௌரியிடமும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை ஊசி குத்தி முடித்ததுமே, இன்றைக்கு முடித்துவிடலாம் என்றாள் அக்கா. நான் சரி என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் நடந்தேன். அங்கிருந்து லாயம். லாயத்திலிருந்து மறுபடியும் சமையல்கட்டு.

அக்கா தன் பாதியை மடியில் வைத்துவிட்டாள். திரையில் கருப்பி அடுப்புக்கு எதிரே அப்படியே நின்றாள்.

"ஜெராம்ல வேல வந்துச்சாமே," என்றாள்.

கௌரி சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. உன்னைக் கூட்டி வர ஆள் வேண்டாமா என்று தொடங்கினேன். தொடங்கியதும் மற்றதும் கொட்டிவிட்டது. முடிவைப் பார்த்துவிட்டேன், அந்தக் கோட்டையில் விளக்கேற்ற யாரும் இல்லை, அது தெரிந்தால் நீ வர மாட்டாய், நீ அம்மாவைத்தான் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியும் என்றெல்லாம் சொன்னேன்.

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"அம்மாவா? அம்மா அந்த வேலய ஒவ்வொரு நாளும் திட்டிக்கிட்டேதான் செஞ்சுச்சு. அத எதுக்கு நான் அங்க போயித் தேடுறேன்? மெசினுக்குள்ள யாருடா வெளக்கேத்துவா? எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் தேடச் சொன்ன?"

"நீ தேடுவன்னுதான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளங்கும்படி சொன்னாள். நான் பையோடு அவள் வாசலில் போய் நின்றேனே, அதற்கு முதல் நாள் கௌரி போன் செய்து அழுதிருக்கிறாள். மனிதர் அறையை விட்டு வர மாட்டேன் என்கிறார், யாரோடும் பேச மாட்டேன் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

"இவன வெளிய இழுக்கணும்னா நான் இங்க வந்து படுத்தாத்தான் ஆவும்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. "வெளக்க அடிக்க எனக்கு மனசு வரலதான், அது நெசம். ஆனா கேள்வி ஒனக்குக் கேட்டது. சின்னப் புள்ளையிலேருந்து ஒரு கேள்வியப் போட்டுட்டா நீ சும்மா இருக்க மாட்ட. எனக்கு இந்த ஊசி புடிக்கல தம்பி. இன்னிக்கும் புடிக்கல. ஒனக்காகத்தான் குத்திக்கிட்டேன்."

நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்த சாமர்த்தியசாலி என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். முக்காலியில் உட்கார வைக்கப்பட்டவன் நான். அழுகை வந்தது. பாக்சிக் பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார், அந்த மரியாதை அவருக்கு உண்டு.

நான் வேலைக்குப் போய்விட்டால் நீ வருவாயா என்று கேட்டேன். முதலில் இவனை முடி என்றாள்.

பெரிய கிராணியிடம் இரண்டு முறை செத்தோம். அவன் புகையாக மாறுவான், மூன்றாகப் பிரிவான். எங்களிடம் மருந்து ஒரு சொட்டு இல்லை. மூன்றாவது தடவை கருப்பியின் உயிர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. சிம்மாசனத்தின் இரண்டு பக்கமும் உயரமான விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"பக்கத்துல போ," என்றாள் அக்கா.

போனேன். "மன்னிச்சுக்க தாயி," என்று முணுமுணுத்துவிட்டு அவள் முதல் விளக்கை அடித்தாள். பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. மருந்து விழுந்தது, ஈட்டி விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நடக்க மறந்துவிட்டேன்.

"என்னாடா பாக்குற? திங்கக்கிழம நீ வேலைக்குப் போவணும். நட."

நடந்தேன். அவள் குதித்தாள், அடித்தாள். விளிம்பில் ஒரு தடவைகூட விழவில்லை. பெரிய கிராணி ஒரு கூச்சலோடு சாம்பலானபோது பாக்சிக் கை தட்டப் போய், ஊசி ஞாபகம் வந்து நாற்காலியைத் தட்டினார். கோட்டை இடிந்து விழுந்தது. விடிந்தது. அந்த விளையாட்டைச் செய்த முகம் தெரியாத ஆட்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஏறின. அக்கா எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தாள்.

ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியை இங்கேயே விட்டுப் போ என்றாள். விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை

ஐஸ் ஃபேக்டரியில் முதல் நாள். அம்மோனியா வாடை, மீன் வாடை, காலுக்கடியில் ஈரம். கம்ப்ரசர் ஒன்று இருமிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைத் திறந்து பார்க்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அக்காவின் நேரம் நெருங்க நெருங்கக் கை ஓடவில்லை. பாக்சிக்கின் மகள் காரில் வரும் வழியில் அக்காவையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஏறுகிறவள் ஏற வேண்டுமே.

தேநீர் வேளையில் படகுத்துறைப் பக்கம் போய் நின்று அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. கடல் காற்றிலும் எனக்கு வேர்த்தது. அதற்கப்புறம் போட்டபோது மிஸியின் முகம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினார்.

அக்கா நாற்காலியில் இருந்தாள். இடது கையில் ஊசி. பக்கத்து நாற்காலியில் பாக்சிக். அவருக்கு ஊசி குத்துவது வலது கையில். சும்மா இருந்த இடது கையில் என் பாதியை வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கருப்பியை நடத்திக்கொண்டிருந்தார். கோட்டையின் முதல் வாசல், வெளியே மழை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அக்கா," என்றேன்.

"பேசாத. இவரு இப்பதான் நடக்கப் பழகுறாரு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊசி வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யும்," என்றாள். கருப்பி ஒரு பள்ளத்தைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் சொன்னாள்: "பேட்டரி செவப்பு காட்டுது. சார்ஜரு ஒங்கிட்டதான இருக்கு? கௌரிகிட்ட குடுத்து வுடு. புதன்கிழமைக்கு வேணும்."